வண்ணார் சுமந்த வாரிசு

பழவேற்காட்டுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் பொன்னேரியில் பஸ் மாறுகிறார்கள். நான் மீஞ்சூரில் இறங்கி காட்டூர்ப் பக்கம் திரும்பினேன். மீஞ்சூரின் நெரிசலும் லாரிப் புழுதியும் கொஞ்ச தூரம் துரத்தி வருகின்றன. பிறகு வயலும் ஏரிக்கரையும் பனைவரிசையும். தெற்கே திரும்பிப் பார்த்தால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரிகின்றன. வடகிழக்கே காற்றில் உப்பு வாடை தொடங்குகிறது. ஒரு பக்கம் உழவு, மறுபக்கம் மீன்பிடி. இரண்டும் கைகோக்கும் நிலம் இது. நெல்லும் மீனும் துறைமுகச் சுங்கமும் ஒன்றாகக் கிடைக்கிற இடத்தை எந்த அரசன்தான் விட்டுவைப்பான்? நானூறு ஆண்டுகளுக்கு முன் இந்தக் கரைக்காகப் பெரிய மனிதர்கள் அடித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவருடைய வாழ்க்கையைத் தேடித்தான் இந்தப் பயணம்.

அவர் பெயர் வெலுகோட்டி யாச்சம நாயக்கர். விஜயநகரப் பேரரசின் கடைசிக் காலத்துத் தளபதி, சீமையாளர். வெங்கடகிரி ஜமீனை அறிந்தவர்களுக்கு வெலுகோட்டி என்ற வீட்டுப்பெயர் புதிதல்ல. ஆனால் பழவேற்காட்டைப் பற்றிப் பேசும்போது யாரும் அவரை நினைப்பதில்லை. டச்சுக் கோட்டை, டச்சுக் கல்லறை, பூநாரை என்று பேச்சு முடிந்துவிடுகிறது. கல்லறை வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளைப் படம் எடுத்துக்கொண்டு எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அந்த டச்சுக்காரர்களுக்கு இடம் கொடுத்தவர்கள் யார், கொடுத்தவர்களின் வீட்டில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை அங்கே எந்தப் பலகையும் சொல்வதில்லை. எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது.

தளபதியே மாகாண அதிகாரியாகவும் இருந்த ஏற்பாடு உலகத்தில் பல இடங்களில் இருந்தது. அலெக்சாந்தர் பாரசீகத்தை வென்றபோது அங்கே ஏற்கெனவே இருந்த மாகாண முறையைக் கலைக்கவில்லை. தன் மாசிடோனியத் தளபதிகள் பலரை அந்த இடங்களில் உட்கார வைத்தான். விஜயநகரத்தில் அதற்கு ஒப்பானது அமர நாயக்க முறை. அரசன் ஒரு சீமையை அமரமாகக் கொடுப்பான். நாயக்கர் அங்கே வரி தண்டுவார், அதைக் கொண்டு படை வைத்திருப்பார், ஒரு பங்கை அரசனுக்குக் கட்டுவார், அழைத்தால் படையோடு வந்து நிற்பார். அரசன் திடமாக இருக்கும்வரை இது அருமையான ஏற்பாடு. அவன் கண்ணை மூடினால் பணமும் படையும் நாயக்கர்கள் கையில் இருக்கும். சிம்மாசனம் மட்டும் ஆளில்லாமல் கிடக்கும். கி.மு. 323இல் பாபிலோனில் அலெக்சாந்தர் இறந்தபோது நடந்ததும் இதுதான். கி.பி. 1614 அக்டோபரில் வேலூரில் வேங்கடபதி ராயர் இறந்தபோது நடந்ததும் இதுதான்.

வேங்கடபதி 1586 முதல் ஏறக்குறைய இருபத்தெட்டு ஆண்டுகள் ஆண்டவர். தலைக்கோட்டைப் போர்த் தோல்விக்குப் பிறகு சிதறிக் கிடந்த பேரரசை ஒருவாறு கூட்டிச் சேர்த்தவர். பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர் என்று தலைநகர் தெற்கே நகர்ந்துகொண்டே வந்தது. வேலூரும் உத்திரமேரூரும் அவர் கைக்கு அடங்க உழைத்த தளபதிகளில் முக்கியமானவர்கள் இருவர்: யாச்சம நாயக்கர், தாமர்ல சென்னப்ப நாயக்கர். யாச்சமரின் சகோதரி அக்கமாம்பாவைச் சென்னப்பர் மணந்திருந்தார். இந்த உறவைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எதிர்த்தரப்பில் கொப்பூரி ஜக்கராயன். அரசியரில் ஒருத்தியின் பிறந்த வீட்டு ஆள். அரண்மனைக்குள் கை நீண்டிருந்தவன். பழவேற்காடு அப்போது அரசியின் கட்டுப்பாட்டில் இருந்தது. டச்சுக்காரர்கள் 1610இல் வேங்கடபதியிடம் ஒப்பந்தம் வாங்கி இங்கே பண்டகசாலை போட்டார்கள். 1612இல் சாந்தோமிலிருந்து போர்ச்சுகீசியர் வந்து அதை அழித்தார்கள். 1613இல் டச்சுக்காரர்கள் கோட்டையே கட்டிக்கொண்டார்கள். அவர்களுடைய தலைவர் வெம்மர் வான் பெர்கெமின் சொந்த ஊர்ப்பகுதியான கெல்டர்லாந்தின் பெயரில் அது கெல்ட்ரியா கோட்டை ஆயிற்று. இன்று பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கோட்டையென்று சொல்லாவிட்டால் தெரியாது. சீமைக்கருவேலம் மண்டிய மேடு, சுற்றிலும் அகழியின் தடம், அங்கங்கே செங்கல். 1805ஐ ஒட்டி ஆங்கிலேயர் அதைத் தகர்த்துவிட்டார்கள்.

இனி வேலூர். அங்கே நடந்ததை நமக்கு விரிவாகச் சொல்கிறவர் மானுவல் பர்ராதஸ் என்ற சேசுசபைப் பாதிரியார். 1616 டிசம்பரில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறார். ராபர்ட் சூவெல் 1900இல் வெளியிட்ட விஜயநகர வரலாற்று நூலில் அந்தக் கடிதம் ஆங்கிலத்தில் இருக்கிறது. படிக்கும்போது கை நடுங்கும்.

வேங்கடபதிக்குப் பிள்ளை இல்லை. ஜக்கராயன் வீட்டு அரசி ஒரு பிராமணப் பெண்ணின் குழந்தையை வாங்கி, தான் பெற்றதாகச் சொல்லி வளர்த்தாள் என்கிறார் பர்ராதஸ். அரசருக்கு அது தெரியும். சாகும் தறுவாயில் அந்தப் பிள்ளையை ஒதுக்கிவிட்டுத் தன் அண்ணன் மகன் ஸ்ரீரங்கனுக்கு முத்திரை மோதிரத்தைக் கொடுத்தார். நாயக்கர்கள் வந்து புது ராயரைப் பணிந்தார்கள். ஜக்கராயன் பணியவில்லை. வேறு சிலரைச் சேர்த்துக்கொண்டு அரண்மனைக்குள் புகுந்து, ஸ்ரீரங்கனையும் குடும்பத்தையும் சிறை வைத்தான். பொய்ப்பிள்ளையை அரியணையில் ஏற்றினான். பெரும்பாலான நாயக்கர்கள் வளைந்து கொடுத்தார்கள். வளையாமல் தன் ஆட்களோடு கோட்டைக்கு வெளியே போய்ப் பாளையம் இறங்கியவர் யாச்சமர்.

வெளியே நின்றுகொண்டு உள்ளே இருக்கும் ராயரை எப்படி மீட்பது? கோட்டையை முட்டினால் சிறையில் இருப்பவர்களைக் கொன்றுவிடுவார்கள். அரண்மனைக்குள் எந்தத் தடையும் இல்லாமல் போய்வரக்கூடிய ஒருவர் தேவைப்பட்டார். அரண்மனைத் துணி வெளுக்கும் வண்ணார் கிடைத்தார். அழுக்குத் துணி மூட்டையைக் காவலர்கள் சோதிக்கமாட்டார்கள், தொடவே கூசுவார்கள். ராயரின் நடு மகன் ராமதேவன், பன்னிரண்டு வயதை ஒட்டிய பையன். அவனை மூட்டைக்குள் வைத்துக் கட்டி, தோளில் போட்டுக்கொண்டு, காவலர் முன்பாகவே நடந்து வந்து யாச்சமர் கையில் ஒப்படைத்தார் அந்த மனிதர்.

இந்த இடத்தில் கடிதத்தை மூடி வைத்துவிட்டேன். பன்னிரண்டு வயதுப் பையன் என்ன எடை இருப்பான்! ஈரம் காயாத துணிகளோடு சேர்த்து அதைச் சுமந்து, மூச்சு வாங்காமல், வழக்கமான நடையில் கோட்டை வாசலைக் கடக்க வேண்டும். உள்ளே இருப்பவன் தும்மக் கூடாது. பிடிபட்டால் சுமந்தவருக்கு என்ன கதி என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு பேரரசின் வாரிசு அன்று ஒரு வண்ணாரின் நெஞ்சுரத்தால் பிழைத்தான். பர்ராதஸ் நாயக்கர்களின் பெயர்களையெல்லாம் வரிசையாக எழுதுகிறார்; அவர் பெயரை எழுதவில்லை.

பிறகு யாச்சமர் சுரங்கம் தோண்டி ராயரையும் வெளியே கொண்டுவரப் பார்த்தார். அது கண்டுபிடிக்கப்பட்டது. காவலைக் கடுமையாக்கினார்கள். கோட்டைக் காவலில் இருந்த தலைவன் ஒருவன் யாச்சமர் பக்கம் சாய்ந்து உள்ளிருந்தே எழும்பினான். யாச்சமர் படையோடு வந்து சேருவதற்குள் ஜக்கராயனின் தம்பி ஒருவன் முந்திக்கொண்டான். ஸ்ரீரங்க ராயரும் குடும்பமும் சிறைக்குள்ளேயே மாண்டார்கள். வெளியே மூட்டையில் வந்த பையன் ஒருவன்தான் மிச்சம்.

இதே கட்டம் மாசிடோனியர் கதையிலும் வருகிறது. அலெக்சாந்தருக்கு ரொக்சானாவிடம் பிறந்த மகன், நான்காம் அலெக்சாந்தர், தளபதிகளின் கைமாறிக் கைமாறி வளர்ந்தான். ஏறக்குறைய பதின்மூன்று வயதில், அப்போது மாசிடோனியாவைக் கையில் வைத்திருந்த கசாந்தரின் ஆணையால் தாயோடு கொல்லப்பட்டான். இன்னொரு பையனும் இருந்தான்: ஹெராக்ளீஸ், பார்சினே என்பவளிடம் அலெக்சாந்தருக்குப் பிறந்தவன் என்று சொல்லப்பட்டவன். அவனைக் கையில் எடுத்தவர் பொலிபெர்கோன். அலெக்சாந்தரின் பழைய தளபதி, கி.மு. 319 முதல் சில காலம் அரச குடும்பத்துக்கே காப்பாளர். கி.மு. 309ஐ ஒட்டி அந்தப் பையனை மாசிடோனிய அரியணைக்கு உரியவனாக்கி, பெரும் படையோடு புறப்பட்டார். கசாந்தர் தூது அனுப்பினான்: பையனை முடித்துவிடு, பெலொப்பொன்னேசின் தளபதிப் பதவி உனக்கு. பொலிபெர்கோன் பையனை விருந்துக்கு அழைத்துக் கொன்றார். பதவி கிடைத்தது.

இந்திய எல்லையிலும் ஒருவன் இருந்தான். பஞ்சாபில் படைத்தலைவனாக விடப்பட்ட யூதேமஸ், போரஸ் மன்னனைக் கொன்று, 120 யானைகளை ஓட்டிக்கொண்டு மேற்கே நடந்த தளபதிச் சண்டையில் சேரப் போனான். அந்த யானைகளால் அவனுக்கு நீண்ட வாழ்வு கிடைக்கவில்லை. தோற்ற பக்கத்தில் நின்று கி.மு. 316ஐ ஒட்டிக் கொல்லப்பட்டான்.

யாச்சமரை இவர்களோடு நிறுத்திப் பார்த்தால்தான் அவர் உயரம் தெரிகிறது. அவருக்கும் விலை பேசியிருக்க முடியும். கையில் இருப்பது உலகமே தேடும் ஒரு சிறுவன்; எதிரில் இருப்பவன் கருவூலத்தைக் கைப்பற்றியவன். பையனைக் கொடுத்திருந்தால் கேட்ட சீமை கிடைத்திருக்கும். அவர் கொடுக்கவில்லை. இரண்டாண்டுக்கு மேல் அவனைத் தன் பாளையத்தில் வைத்துக்கொண்டு போர் நடத்தினார். வென்றவர்களின் கதையில் ராஜ விசுவாசம் என்ற சொல்லை நான் எளிதில் நம்புவதில்லை. இந்த மனிதரிடம் அதை நம்புகிறேன்.

பழவேற்காட்டில் படகு எடுத்தேன். ஏரி கண்ணுக்குக் கடல் போல விரிகிறது. ஆனால் பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்தான். ஆரணியாறும் காளங்கியும் கொண்டுவரும் நன்னீரும், முகத்துவாரம் வழியாக வரும் கடல்நீரும் கலந்து நிற்கின்றன. முகத்துவாரம் மணல் மூடிப்போனால் மீன்வரத்து நின்றுவிடும். “இந்தப் பக்கம் போனா தரை தட்டும் சார், சுத்திதான் போவணும்” என்று மோட்டாரை அணைத்துவிட்டு கழியால் ஊன்றினார் படகுக்காரர். சற்றுத் தள்ளி ஐந்தாறு பெண்கள் கழுத்தளவு தண்ணீரில் குந்தியபடி நகர்ந்துகொண்டிருந்தார்கள். இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறாலைப் பிடிக்கிறார்கள். பனையோலைப் பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பதால் பேச முடியாது. கையில் ஒன்று அகப்பட்டதும் தலையைச் சாய்த்துப் பறிக்குள் போட்டுக்கொண்டு மறுபடி குனிகிறார்கள். வலையும் படகும் இல்லாதவர்களின் தொழில். நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறி, சிப்பி கிழித்து, விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும்.

“ஏரியில யார் எங்க வலை போடறதுன்னு சண்டை வராதா அண்ணே?” என்றேன்.

“பாடு இருக்குதில்ல சார். இன்னிக்கு இந்த எடம் ஒரு ஊருக்குன்னா நாளைக்கு இன்னொரு ஊருக்கு. மொறை வெச்சிருக்காங்க. நாட்டாமக்காரர் செத்தாலும் மொறை சாவாது. மீறினா பஞ்சாயத்து வெச்சு அபராதம்.”

பட்டினவர் என்ற மீனவச் சமூகத்தின் குப்பங்களில் உள்ள பாடு முறையைப் பற்றி ஆய்வாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். பாடு உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்ற பிளவும் அதற்குள் உண்டு. தண்ணீரில் தடவிக்கொண்டிருந்த அந்தப் பெண்களுக்கு அதில் இடம் இல்லை. ஆனாலும் ஆள் போனாலும் முறை போகாது என்ற ஒரு விஷயத்தில், இந்தக் குப்பங்கள் சாதித்ததை விஜயநகரமும் மாசிடோனியாவும் சாதிக்கவில்லை.

வேலூர்ச் சிறைப் படுகொலைக்குப் பிறகு மூண்ட போரில் யாச்சமரிடம் முதலில் தோற்ற ஜக்கராயன் காட்டுக்குள் ஓடினான். பிறகு மதுரை நாயக்கரையும் செஞ்சி நாயக்கரையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டான். யாச்சமர் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் பையனை அழைத்துக்கொண்டு போனார். 1616 கடைசியில், காவிரியின் வடகரையில், திருச்சிக்கும் கல்லணைக்கும் இடைப்பட்ட தோப்பூரில் இரு தரப்பும் மோதின. அங்கே பத்து லட்சம் வீரர்கள் கூடியிருப்பதாக பர்ராதஸ் எழுதுகிறார்; அந்த எண்ணிக்கையை நம்ப வேண்டியதில்லை, கேட்ட செய்தியின் பீதி அதில் தெரிகிறது. தஞ்சை அரண்மனைக் கவிகள், எதிரிகள் காவிரி அணையை உடைத்ததாகவும் ரகுநாதர் அதைச் சீர்செய்ததாகவும் பாடியிருக்கிறார்கள். போரில் ஜக்கராயன் கொல்லப்பட்டான். வண்ணார் மூட்டையில் வேலூரிலிருந்து வெளியே வந்த ராமதேவன் கும்பகோணத்தில் முடிசூடினான்.

கதை இங்கே முடிந்திருந்தால் யாச்சமருக்குக் கோயில்கூடக் கட்டியிருப்பார்கள். ஜக்கராயனின் தம்பி எதிராஜன் உயிரோடு இருந்தான். டச்சுக்காரர் குறிப்புகளில் எதிராஜா என்று வருகிறவன். கெல்ட்ரியா எழும்பிய சூட்டோடு அதைத் தாக்கியவன். அண்ணன் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தான். இந்தக் கரை முழுக்க இரண்டு தரப்பின் படையும் மாறி மாறி மிதித்தது. உழுதவன் நெல்லை யாருக்குக் கொடுப்பது? இன்று வந்தவனுக்குக் கொடுத்தால் நாளை வருகிறவன் அடிப்பான். போரோடு மழையும் பொய்த்தது. 1620களில், தின்ன வழியற்றுத் தங்களையும் பிள்ளைகளையும் விற்றவர்களை ஆயிரக்கணக்கில் வாங்கி, பழவேற்காட்டிலிருந்து பத்தேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள் டச்சுக்காரர்கள். பழவேற்காடு என்றால் வண்ணத்துணி ஏற்றுமதி என்று பெருமையாக எழுதுகிறவர்கள், அதே துறையில் அதே கப்பல்களில் ஏறிய இந்த மனிதர்களையும் எழுத வேண்டும். யாருடைய உரிமை நியாயமானது என்ற வழக்கின் செலவை அவர்கள்தான் கட்டினார்கள். யாச்சமர் பக்கம் நியாயம் இருந்தது என்று நம்புகிற எனக்கும் இதைச் சொல்லாமல் கடந்து போக மனம் வரவில்லை.

சண்டையை முடிக்க ராமதேவன் ஒரு வழி கண்டான். எதிராஜனின் மகளை மணந்தான். தன் தகப்பனையும் தாயையும் கொன்ற வீட்டில் பெண் எடுத்தான். அரசனாக அவன் கணக்கு சரியாக இருக்கலாம். நாடு மூச்சுவிட ஒரு சமாதானம் வேண்டியிருந்தது. அவனை வளர்த்த கிழவருக்கு அது எப்படி இருந்திருக்கும்? யாச்சமர் அந்தச் சம்பந்தத்தை ஏற்கவில்லை. விரிசல் போராக முற்றியது. காப்பாற்றப்பட்டவன் காப்பாற்றியவர் மீதே படை அனுப்பினான். யாச்சமர் தொண்டைமண்டலத்துச் சீமைகளில் பலவற்றை இழந்து வடக்கே ஒதுங்கினார். அவருடைய வம்சம் வெங்கடகிரியில் தொடர்ந்தது. ஜக்கராயனின் தம்பியோ அரசனின் மாமனாராக இந்தக் கரையில் செல்வாக்கோடு வாழ்ந்தான்.

பொலிபெர்கோன் பையனைக் கொன்று பதவி பெற்றார். யாச்சமர் பையனை அரசனாக்கி, பதவி இழந்தார். இதை நினைத்துக்கொண்டே காட்டூர்ப் பக்கம் திரும்பினேன். வழியில் டீக்கடையில் இருந்த ஒரு பெரியவரிடம் யாச்சம நாயக்கர் என்று பெயர் சொல்லிக் கேட்டேன். அவர் அறிந்திருக்கவில்லை. துணி மூட்டையில் பையனைக் கொண்டுவந்த கதையைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்து, “அந்த வண்ணாருக்கு என்ன குடுத்தாங்க?” என்று கேட்டார். பர்ராதஸ் கேட்காத கேள்வி. என்னிடமும் பதில் இல்லை.

யாச்சமரின் சகோதரி வீட்டை நினைவில் வைக்கச் சொன்னேன். சென்னப்பருக்கும் அக்கமாம்பாவுக்கும் பிறந்த பிள்ளைகளில் வேங்கடாத்திரி வந்தவாசியிலும் ஐயப்பர் பூந்தமல்லியிலும் இருந்து இந்தக் கரையைப் பழவேற்காடு வரை கவனித்தார்கள். 1639 ஆகஸ்ட் 22ஆம் நாள் ஆங்கிலேயக் கம்பெனியின் பிரான்சிஸ் டேக்கு மதராசப்பட்டினத்துக்கான கவுலை (உரிமைப் பத்திரத்தை) கொடுத்தது இந்த வேங்கடாத்திரிதான். தகப்பனார் பெயரில் சென்னப்பட்டினம் என்ற ஊரும் எழுந்தது. அவர்களுடைய சகோதரர் அங்கபூபாலர் தெலுங்கில் எழுதிய ‘உஷாபரிணயம்’ அதற்கு ஒரு காரணம் சொல்கிறது: பழவேற்காட்டாருக்கும் மயிலாப்பூராருக்கும், அதாவது டச்சுக்காரருக்கும் போர்ச்சுகீசியருக்கும், ஓயாமல் நடந்த சண்டையைத் தடுக்க நடுவில் ஓர் ஊரை வைத்தார் ஐயப்பர். மாமன் காலத்துப் போரை வீட்டுக்குள் கேட்டு வளர்ந்த மருமகனின் யோசனை அது.

அந்த அமைதியும் நீளவில்லை. 1642இல் மூன்றாம் ஸ்ரீரங்கன் விஜயநகரப் பட்டத்துக்கு வந்ததும் வேங்கடாத்திரியின் பிடி தளர்ந்தது. 1646இல் கோல்கொண்டாவிலிருந்து மீர் ஜும்லா படையோடு இறங்கினான். ஈரானில் பிறந்து, வைர வியாபாரத்தில் தலையெடுத்து, தளபதியாகிச் சீமையாண்டவன். பின்னாளில் எஜமானை மாற்றிக்கொண்டு ஔரங்கசீப்பின் வங்காள ஆளுநராக 1663இல் இறந்தவன். பழவேற்காட்டு டச்சுக்காரர்கள் அவனோடும் பேசி முடித்துக்கொண்டு துணி வியாபாரத்தைத் தொடர்ந்தார்கள்.